படித்தவர் எழுந்து நடக்க வேண்டும்
(மனுவும் வேண்டுகோளும் எழுதுவது பற்றி வீரசோழனில் நடந்த பயிற்சிக் கூட்டத்தில் நம் அறக்கட்டளை சார்பில் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

அஸர் தொழுகை முடிந்த கையோடு வேலைகளை ஒதுக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். அல்லாஹ் உங்கள் நேரத்தில் பரக்கத் செய்வானாக. மனு எழுதுவது எப்படி, உதவி கேட்டு வேண்டுகோள் எழுதுவது எப்படி என்று பேசத்தான் இந்தக் கூட்டம். அதற்கு முன் ஒரு தவறை ஒப்புக்கொள்கிறோம். தவறு எங்களுடையது.

சென்ற ஆண்டு கல்வி உதவித்தொகை பற்றி ஒரு நோட்டீஸ் அச்சடித்து வீடு வீடாகக் கொடுத்தோம். இரண்டு பக்கம். முதல் பக்கம் முழுக்கக் கல்வியின் சிறப்பு. இரண்டாம் பக்கத்தின் பாதி வரை நம் சமுதாயம் படிப்பில் பின்தங்கிப் போனது பற்றிய வருத்தம். அதற்குப் பிறகு எங்கள் பணிகளின் பட்டியல். கடைசிப் பத்தியில், நன்றி சொல்வதற்கு முந்தைய வரியில், விண்ணப்பிக்க வேண்டிய கடைசித் தேதி.

தேதி முடிந்து பத்து நாள் கழித்து ஒரு தாய் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். கணவர் இல்லாத குடும்பம். கையில் வருமானச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், வங்கிக் கணக்குப் புத்தகம் எல்லாம் இருந்தன. எங்கள் நோட்டீசும் நாலாக மடித்தபடி இருந்தது. "படிக்கலையாம்மா?" என்று கேட்டோம். "படிச்சேன் அத்தா. நல்ல விஷயமெல்லாம் எழுதியிருந்துச்சு. ஆனா என்ன செய்யணும்னு எங்கே போட்டிருக்குன்னு தெரியலை" என்றார்.

அந்தப் பதிலுக்கு எங்களிடம் மறுமொழி இல்லை. இணையத்தில் விண்ணப்பம் மூடப்பட்டுவிட்டது. அந்த ஆண்டு அந்தப் பிள்ளைக்கு உதவித்தொகை கிடைக்கவில்லை. நாங்கள் எழுதியதில் பொய் இல்லை, பிழை இல்லை. ஆனாலும் ஒரு பிள்ளைக்கு நஷ்டம் வந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாததுதான் காரணம்.

எனவே இன்று நாம் பேசப்போவது அழகாக எழுதுவது பற்றி அல்ல. எழுத்தைப் படித்தவர் எழுந்து போய் ஒரு காரியத்தைச் செய்ய வேண்டும். அப்படி எழுதுவது எப்படி என்பது பற்றித்தான்.

முதலில் நாம் எல்லோரும் அறிந்த ஒரு கடிதத்தை நினைத்துப் பார்ப்போம். குர்ஆனில் அந்நம்ல் அத்தியாயத்தில் சுலைமான் அலைஹிஸ்ஸலாம் அவர்கள் ஸபா நாட்டு அரசிக்கு எழுதிய கடிதம் வருகிறது. ஹுத்ஹுத் பறவை கொண்டுபோய்ச் சேர்த்த கடிதம். 29 முதல் 31 வரையுள்ள வசனங்களை வீட்டுக்குப் போனதும் எடுத்துப் பாருங்கள். கடிதம் யாரிடமிருந்து வருகிறது, யாருடைய பெயரால் தொடங்குகிறது, படிப்பவர் எதைச் செய்யக் கூடாது, எதைச் செய்ய வேண்டும். இவ்வளவுதான். அந்த நபிக்கு அல்லாஹ் கொடுத்த ஆட்சி எவ்வளவு பெரியது! ஜின்களும் பறவைகளும் காற்றும் வசப்பட்டிருந்தன. அதில் ஒன்றைக்கூடக் கடிதத்தில் பெருமையாகச் சொல்லவில்லை. கடிதம் கிடைத்ததும் அரசி என்ன செய்தார்? அதைக் கண்ணியமான கடிதம் என்று சொல்லிப் பிரதானிகளைக் கூட்டி, என்ன செய்யலாம் என்று ஆலோசனை கேட்டார். படித்தவர் உடனே காரியத்தில் இறங்கினார்.

நாம் நபிமார்கள் அல்ல. ஆனால் அந்த ஒழுங்கிலிருந்து நாம் பாடம் எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது நம் ஊர்க் காரியத்துக்கு வருவோம். எழுதும் முன் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் சில இருக்கின்றன.

முதல் கேள்வி: இதைச் செய்யக்கூடியவர் யார்?

தெருவிளக்கும் குடிநீர்க் குழாயும் என்றால் ஊராட்சி. பட்டா மாறுதல் என்றால் திருச்சுழி வட்டாட்சியர் அலுவலகம். குடும்ப அட்டை என்றால் வட்ட வழங்கல் அலுவலர். பேருந்து என்றால் போக்குவரத்துக் கழகம். எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி மாவட்ட ஆட்சியரிடம் கொடுத்துவிட்டால் எல்லாம் நடந்துவிடும் என்று நினைக்கிறோம். விருதுநகர் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைகளில் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் நடக்கிறது. அங்கே ஒவ்வொரு மனுவும் உரிய துறைக்கு அனுப்பப்படும். ஒரே மனுவில் விளக்கும், பட்டாவும், பேருந்தும் இருந்தால் அது எந்தத் துறைக்குப் போகும்? ஒன்றுக்குப் போகும், மற்ற இரண்டும் அந்தக் கோப்புக்குள்ளேயே தூங்கும். ஒரு மனுவுக்கு ஒரு கோரிக்கை. மூன்று கோரிக்கை இருந்தால் மூன்று தாள் வாங்குங்கள். தாள் விலை குறைவுதான்.

இரண்டாம் கேள்வி: அவர் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறோம்?

நம் மனுக்களில் வழக்கமாக வரும் ஒரு சொல் உண்டு: "ஆவன செய்யுமாறு." பணிவான சொல்தான். ஆனால் ஆவன என்றால் எவை? மனுவை வாங்குகிற எழுத்தருக்கு அது தெரியாது. அவரும் தம் பங்குக்கு "உரிய நடவடிக்கைக்கு அனுப்பப்படுகிறது" என்று எழுதி அனுப்பிவிடுவார். நாமும் சொல்லவில்லை, அவரும் செய்யவில்லை.

ஆட்டுச்சந்தையில் துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். சுற்றி நிற்பவருக்குத் தெரியக் கூடாது என்பதற்காக அப்படி ஒரு முறை. மனுவில் துண்டு எதற்கு? கேட்பதை முதல் வரியிலேயே திறந்து வையுங்கள். "பொருள்" என்று ஒரு வரி இருக்கிறதே, அது அதற்காகத்தான். அதில் "குடிநீர்ப் பிரச்சினை தொடர்பாக" என்று எழுதாதீர்கள். "பழுதான ஆழ்துளைக் கிணற்று மோட்டாரைச் சரிசெய்து தரக் கோருதல்" என்று எழுதுங்கள்.

மூன்றாம் கேள்வி: நாம் சொல்வது உண்மை என்று அவர் எப்படி அறிவார்?

எடுத்துக்காட்டாக ஒரு தெருவை நினைத்துக்கொள்வோம். அந்தத் தெருவிலிருந்து இப்படி ஒரு மனு போகிறது: "எங்கள் பகுதி மக்கள் நீண்ட காலமாகக் குடிநீர் இன்றிச் சொல்லொணாத் துயரம் அனுபவித்து வருகிறோம். அதிகாரிகள் கண்டுகொள்ளவில்லை. ஆவன செய்யுங்கள்." இதில் வேதனை இருக்கிறது. ஆனால் அதிகாரி பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி இல்லை.

அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: "எங்கள் தெருவில் 40 வீடுகள் இருக்கின்றன. இந்த மாதம் 3ஆம் தேதியிலிருந்து மோட்டார் ஓடவில்லை. 5ஆம் தேதி ஊராட்சி அலுவலகத்தில் மனு கொடுத்தோம், நகல் இணைத்துள்ளோம். இப்போது ஒரு குடம் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்குகிறோம். மோட்டாரை இந்த வாரத்துக்குள் சரிசெய்து தர வேண்டும். அதுவரை இரண்டு நாளுக்கு ஒரு முறை லாரித் தண்ணீர் அனுப்ப வேண்டும்." இதில் அழுகை இல்லை. ஆனால் படிக்கும்போதே அந்தக் குடங்கள் வரிசையாக நிற்பது தெரிகிறது. எத்தனை வீடு, எந்தத் தேதி, ஏற்கெனவே என்ன செய்தோம், இனி என்ன வேண்டும் என்று நான்கும் இருக்கின்றன. அதிகாரி வந்து பார்த்தால் எண்ணிச் சரிபார்க்கலாம். எண்ணிப் பார்க்க முடிகிற மனுவைத் தட்டிக்கழிப்பது கடினம்.

ஒரு எச்சரிக்கை. 40 வீடு என்றால் 40 என்றே எழுதுங்கள். 100 என்று எழுதினால் கனம் கூடும் என்று ஷைத்தான் சொல்லுவான். வந்து எண்ணும்போது குறைந்தால், அதன் பிறகு நாம் சொல்லும் எந்த உண்மையும் எடுபடாது. மனுவும் ஒரு சாட்சிதான். சாட்சியில் கூட்டிச் சொல்லவும் கூடாது, மறைக்கவும் கூடாது.

நான்காம் கேள்வி: ஏன் இப்போதே?

இதை நம் பகுதி விவசாயிகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கிருதுமால் நதியில் வைகைத் தண்ணீர் திறந்துவிடச் சொல்லி இந்த வட்டாரமே கேட்டுவருகிறது. கதிர் வாங்குகிற பருவத்தில் வரும் தண்ணீரும், பயிர் கருகிய பிறகு வரும் தண்ணீரும் அளவில் ஒன்றாக இருக்கலாம், பலனில் ஒன்றா? மனுவிலும் அந்தப் பருவத்தைச் சொல்ல வேண்டும். "விரைவில்" என்று எழுதினால் அவரவர் வசதிக்கு ஒரு விரைவு. "பயிர் இன்ன நிலையில் இருக்கிறது, இத்தனை நாள்தான் தாங்கும், இன்ன தேதிக்குள் வேண்டும்" என்று எழுதினால் அது அவர் நாட்காட்டியில் ஏறும்.

ஐந்தாம் கேள்வி: யாருடைய குரல் இது?

இங்கே ஒரு பழைய செய்தியைச் சொல்ல வேண்டும். 1894ஆம் ஆண்டு, தென்னாப்பிரிக்காவின் நேட்டால். இந்தியர்களின் ஓட்டுரிமையைப் பறிக்க அங்கே ஒரு மசோதா வந்தது. வழக்கு வேலை முடிந்து ஊர் திரும்பவிருந்த காந்தி என்ற இளம் வழக்கறிஞருக்கு டர்பனில் விருந்து நடந்தது. விருந்து கொடுத்தவர் தாதா அப்துல்லா சேட். பத்திரிகையில் அந்தச் செய்தியைப் பார்த்த காந்தி அங்கேயே பேச்செடுத்தார். விருந்து ஆலோசனைக் கூட்டமாக மாறியது. பயணம் நின்றது. ஒரே இரவில் மனு எழுதி, கையாலேயே பிரதிகள் எடுத்துச் சட்டசபைக்கு அனுப்பினார்கள். தாவூது முகம்மது, ஆதம்ஜி மியாகான், பார்சி ருஸ்தம்ஜி, அவர்களோடு நம் தமிழர்களான கொளந்தவேலு பிள்ளை, ரங்கசாமி படையாச்சி என்று பலரும் சேர்ந்து உழைத்தார்கள். முஸ்லிம், இந்து, பார்சி என்று பிரிந்து நிற்கவில்லை.

ஆனாலும் அங்கே மசோதா நிறைவேறிவிட்டது. அவர்கள் சோர்ந்து உட்காரவில்லை. லண்டனில் குடியேற்ற நாடுகளுக்கான அமைச்சராக இருந்த ரிப்பன் பிரபுவுக்கு அடுத்த மனு. முதல் மனுவைப் படித்தவர் மறுத்தால், அவருக்கு மேலே முடிவெடுக்கக்கூடியவர் யார் என்று பார்த்தார்கள். இரண்டு வாரத்தில் பத்தாயிரம் கையெழுத்து சேர்ந்தது. மனுவில் என்ன இருக்கிறது என்று விளக்கிச் சொல்லி, புரிந்துகொண்டவரிடம் மட்டுமே கையெழுத்து வாங்குவது என்று விதி வைத்துக்கொண்டார்கள். வியாபாரிகள் தங்கள் செலவில் வண்டி எடுத்து ஊர் ஊராகப் போனார்கள். மனுவின் ஆயிரம் பிரதிகளை அச்சிட்டுப் பரப்பினார்கள்.

முடிவு? அந்தச் சட்டத்துக்கு லண்டன் ஒப்புதல் தரவில்லை. ஆனால் 1896இல் இந்தியர் என்ற பெயரைச் சொல்லாமலேயே வேறு வார்த்தைகளில் ஒரு சட்டம் கொண்டுவந்து அதே வேலையைச் செய்துவிட்டார்கள். மனு எழுதினால் எல்லாம் நடந்துவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் மனுவுக்காகச் சேர்ந்தவர்கள் கலையவில்லை. மனு எழுதிய அந்த 1894ஆம் ஆண்டிலேயே நேட்டால் இந்தியக் காங்கிரஸ் உருவாகியிருந்தது. சரியாக எழுதப்பட்ட மனு, பெறுபவரை மட்டுமல்ல, கையெழுத்துப் போட்டவரையும் எழுப்பி நிற்க வைக்கிறது.

நம் ஊரில் கையெழுத்து வாங்கும்போது என்ன செய்கிறோம்? "இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்க நன்னி" என்று தாளை நீட்டுகிறோம். எதற்கு என்று அவருக்குத் தெரியாது. நாளை ஒரு அதிகாரி வந்து கேட்டால் "ஏதோ பையங்க கேட்டாங்க, போட்டேன்" என்பார். அந்த ஒரு பதிலில் முழு மனுவும் விழுந்துவிடும். இனி வாசித்துக் காட்டாமல் யாரிடமும் கையெழுத்தோ கைரேகையோ வாங்குவதில்லை என்று இளைஞர்கள் உறுதி எடுக்க வேண்டும்.

கொடுத்த பிறகு செய்ய வேண்டியதும் எழுத்து வேலையின் ஒரு பகுதிதான். நகல் வைத்துக்கொள்ளுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். தேதியைக் குறியுங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, "இன்ன தேதியில் கொடுத்த எங்கள் மனு மீது என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது, இப்போது அது எந்த அலுவலரிடம் இருக்கிறது" என்று பொதுத் தகவல் அலுவலரிடம் கேட்கலாம். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அந்தக் கட்டணமும் இல்லை. 30 நாளில் பதில் தர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். இந்த விண்ணப்பத்தில் காரணம் சொல்ல வேண்டியதில்லை, உருக்கமாக எழுத வேண்டியதில்லை. கேள்வி மட்டும் போதும். கிராம சபையும் இருக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில் கூடுகிறது. எழுதிக் கொண்டுபோய்த் தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். தாய்மார்களும் வர வேண்டும். தண்ணீர்க் குடம் சுமப்பவருக்குத் தெரிவது வேறு யாருக்குத் தெரியும்?

இனி, நம் மக்களிடமே உதவி கேட்டு எழுதும் வேண்டுகோள். ஜகாத், ஸதகா கேட்டு வெளியூரிலும் வளைகுடாவிலும் இருக்கிற நம் பிள்ளைகளுக்கு எழுதுகிறோம். இங்கேயும் அதே ஒழுங்குதான். யாருக்கு, எதற்கு, எவ்வளவு, எப்போதைக்குள், எப்படிக் கொடுப்பது. இதோடு இன்னும் மூன்று பொறுப்புகள் உண்டு.

ஒன்று, ஜகாத் பணமா ஸதகாவா என்பதைத் தெளிவாக எழுத வேண்டும். ஜகாத் யாருக்குரியது என்று அத்தவ்பா அத்தியாயத்தின் 60ஆம் வசனம் எட்டுப் பிரிவினரை வரையறுத்திருக்கிறது. கட்டட வேலைக்கும் ஏழையின் மருத்துவத்துக்கும் ஒரே பெட்டியில் பணம் கேட்டால் கொடுப்பவரின் கடமையையும் நாம் குழப்பிவிடுகிறோம்.

இரண்டு, வாங்குபவரின் மானம். நோயாளியின் படம், வீட்டின் ஓட்டை, குழந்தையின் கண்ணீர் ஆகியவற்றைப் போட்டால் பணம் சீக்கிரம் வரும் என்கிறார்கள். வரலாம். அந்தக் குழந்தை நாளை இதே தெருவில் நடக்க வேண்டாமா? "ஒரு தந்தை, சிறுநீரகச் சுத்திகரிப்பு, வாரம் இருமுறை மதுரைக்குப் போய்வரும் செலவு" என்று எழுதினால் இரக்கமுள்ளவருக்குப் போதும். விவரத்தைச் சரிபார்க்க விரும்புபவர் அறக்கட்டளைக்கு வந்து கேட்கட்டும்.

மூன்று, கணக்கு. கேட்டு எழுதுவதற்கு எடுத்துக்கொள்ளும் அக்கறையை, வந்ததையும் செலவானதையும் எழுதுவதிலும் காட்ட வேண்டும். போன முறை கொடுத்தது என்ன ஆனது என்று தெரியாதவர் இந்த முறை ஏன் கொடுக்க வேண்டும்? அமானிதத்துக்குக் கணக்குச் சொல்வதுதான் அடுத்த வேண்டுகோளின் முதல் வரி.

கடைசியாக, படிப்பவரால் இன்றே செய்யக்கூடிய ஒரு சிறிய செயலைக் கேளுங்கள். "சமுதாயமே விழித்தெழு" என்றால் எங்கே போவது என்று யாருக்கும் தெரியாது. "ஞாயிறு காலை 10 மணிக்கு ஆதார் நகலுடன் மதரஸா கூடத்துக்கு வாருங்கள்" என்றால் வருவார்கள்.

இந்த ஆண்டு உதவித்தொகை நோட்டீசை நாங்கள் திருத்தி எழுதினோம். அரைப் பக்கம். மேலே பெரிய எழுத்தில் கடைசித் தேதி. அடுத்து யார் விண்ணப்பிக்கலாம் என்பது. அடுத்து கொண்டுவர வேண்டிய சான்றிதழ்கள். அடுத்து எங்கே, எத்தனை மணிக்கு வர வேண்டும் என்பது. கல்வியின் சிறப்பு பற்றி ஒரு வரிகூட இல்லை. அச்சுக்குக் கொடுக்கும் முன் அதே தாயிடம் கொண்டுபோய்க் காட்டினோம். படித்துப் பார்த்து, "வருமானச் சான்றிதழ் வாங்க எத்தனை நாள் ஆகும்னு போடுங்க அத்தா. அதுக்குத்தான் நான் அலைஞ்சேன்" என்றார். எங்கள் யாருக்கும் தோன்றாதது அது. சேர்த்தோம். அல்ஹம்துலில்லாஹ், அவர் மகளும் இந்த முறை விண்ணப்பித்துவிட்டாள். போன ஆண்டுத் தொகை போனதுதான். அதை எங்களால் திருப்பித் தர முடியாது.

எழுதியதை அச்சுக்கு அனுப்பும் முன், அது யாருக்காக எழுதப்பட்டதோ அவரிடம் ஒரு முறை படித்துக் காட்டுங்கள். "இப்போது என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். அவர் சரியாகச் சொன்னால் எழுத்து தயார். விழித்தால் மறுபடி எழுதுங்கள்.

இப்போது உங்களிடம் ஒரே ஒரு கோரிக்கை. வருகிற ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசல் முற்றத்தில் நம் இளைஞர்கள் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருப்பார்கள். உங்கள் வீட்டில் நின்றுபோயிருக்கிற ஒரே ஒரு காரியத்தோடு வாருங்கள். முதியோர் உதவித்தொகையோ, பட்டாவோ, குடும்ப அட்டையோ, எதுவானாலும் சரி. பழைய மனுவின் நகல் இருந்தால் எடுத்து வாருங்கள். அங்கேயே உட்கார்ந்து எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கித் தருவோம். கட்டணம் இல்லை.

நம் எழுத்துகளை உண்மையானவையாகவும், நம் முயற்சிகளைப் பலனுள்ளவையாகவும் வல்ல அல்லாஹ் ஆக்கி அருள்வானாக. ஆமீன்.